சி மொழியில் ஸ்டிரிங்கை நகலெடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பினாங்குத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை. சனிக்கிழமைகளில் பாலம் கடந்து பட்டர்வொர்த் போய்ச் சில மாணவர்களுக்கு சி சொல்லிக்கொடுக்கிறேன். தைப்பூசத்துக்கு முன்பு மாணவி ஒருத்தி, பால்குடம் எடுப்பவர்களுக்கு டோக்கன் அச்சிட ஒரு சின்ன நிரல் எழுதிக் கொண்டுவந்தாள். மணி, ரவி, கலா என்று போட்டுப் பார்த்ததில் எல்லாம் சரியாக வந்திருக்கிறது. "அண்ணே, எங்க மாமா பேரைப் போட்டா மட்டும் டோக்கன் நம்பர் 1213486425ன்னு வருது" என்றாள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். ஒருவரின் விவரங்களை ஒன்றாக வைக்கும் அவளுடைய ஸ்ட்ரக்டில் பெயருக்கு 20 பைட், அதை ஒட்டி டோக்கன் எண்ணுக்கு 4 பைட். மாமாவின் பெயர் சுப்பிரமணியம், அப்பா பெயர் வேலாயுதம். அடையாள அட்டையில் உள்ளபடி ரூமி (ரோமன்) பெரிய எழுத்தில் எழுதினால் முதல் பெயர் 11, மகன் என்பதைக் குறிக்கும் ஏ/எல் இரண்டு பக்க இடைவெளியோடு 5, அப்பா பெயர் 10. ஆக 26 எழுத்து, முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டோடு 27. நகலெடுக்க அவள் போட்டிருந்த ஸ்ட்ர்காபி ஃபங்ஷன் இடம் இருக்கிறதா என்று கேட்காது. மூலத்தில் பூஜ்யம் வரும்வரை எழுதிக்கொண்டே போகும். வேலாயுதம் என்பதில் வரும் ஒய், யூ, டி, எச் ஆகிய நான்கு எழுத்துகளும் டோக்கன் எண்ணின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன. அந்த நான்கு பைட்டையும் எண்ணாகப் படித்தால் 1213486425. மிச்சமிருந்த ஏ, எம், பூஜ்யம் மூன்றும் அடுத்தவரின் பெயர்ப் பெட்டிக்குள் விழுந்தன. நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் போட்டு ஓட்டினாலும் இது சிக்காது, ஏனென்றால் எழுத்து எல்லோருடைய விவரமும் இருக்கும் அதே அணிக்குள்ளேதான் (அரே) வழிந்திருக்கிறது.

உடனே அவள் ஸ்ட்ர்என்காபிக்கு மாறினாள். எல்லோரும் செய்யும் இரண்டாவது தவறு இது. பெயரில் அளவைக் குறிக்கும் "என்" இருப்பதால் பாதுகாப்பானது என்று நம்பிவிடுகிறோம். பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட் ஒதுக்கியிருந்தார்கள். அதுபோன்ற நிலையான அகலமுள்ள பெட்டியை நிரப்பப் பிறந்த ஃபங்ஷன் அது. மூலம் சின்னதாக இருந்தால் மிச்ச இடம் முழுக்கப் பூஜ்யம் போடும். மூலம் பெட்டியின் அளவோ அதற்கு மேலோ இருந்தால் முடிவில் பூஜ்யம் வைக்காது. மாமாவின் டோக்கன் எண் 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். 65 என்பது ஏ எழுத்தின் எண். அச்சிடும்போது பெயர் 20 எழுத்தில் நிற்காமல் எண்ணுக்குள்ளும் நுழைந்து, வாலில் ஒரு ஏ ஒட்டிக்கொண்டு வரும். எண் 66 என்றால் பி ஒட்டும். ஆளுக்கு ஒரு வால் வந்தால் எங்கே போய்த் தேடுவது?

மூன்றாவது தவறுக்கும் அன்றைக்கே வந்துவிட்டாள். நகலெடுக்கும் வேலையைத் தனி ஃபங்ஷனாக எழுதி, உள்ளே இலக்கின் அளவுக்கு சைஸ்ஆஃப் போட்டாள். ஃபங்ஷனுக்குள் வந்து சேர்வது அணி அல்ல, அது இருக்கும் முகவரியைச் சொல்லும் பாயின்டர். 64 பிட் கணினியில் அதன் அளவு 8. கடைசி பைட்டில் அவள் வைத்த பூஜ்யம் போக, மாமா பெயர் "சுப்ரமா" என்று ஏழே ரூமி எழுத்தில் நின்றது. அளவைத் தனி அளவுருவாகவே அனுப்புங்கள். இதற்குச் சுருக்குவழி இல்லை.

இடம் ஒதுக்க மால்லாக் செய்யும்போது, ஸ்ட்ர்லென் தரும் நீளத்தோடு பூஜ்யத்துக்காக ஒன்றைக் கூட்ட மறப்பதும், ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களுக்குள் ஸ்ட்ர்காபி செய்வதும் அடிக்கடி பார்க்கும் தவறுகள். இரண்டாவதற்கு மெம்மூவ் இருக்கிறது.

அப்புறம் எதைத்தான் பயன்படுத்துவது? சி99 வசதியுள்ள எங்கும் எஸ்என்பிரிண்ட்எஃப் கிடைக்கும். அளவு பூஜ்யமாக இல்லாதவரை முடிவுக்குறியைக் கட்டாயம் வைக்கும். பெயரையே ஃபார்மட் இடத்தில் கொடுத்துவிடாதீர்கள், சதவீதக்குறி எஸ் போட்டுக் கொடுங்கள். 1998இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் வந்த ஸ்ட்ர்எல்காபியும் நல்லது. லினக்ஸில் பரவலாக உள்ள சி நூலகமான ஜிலிப்சி அதை 2023இல், 2.38ஆம் பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டது. பழைய லினக்ஸில் தேடினால் இருக்காது. இரண்டுமே முழுசாக எழுதியிருந்தால் எவ்வளவு நீளம் வந்திருக்கும் என்று திருப்பிச் சொல்லும். அந்த எண் பெட்டியின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. இந்த விடையைப் பார்க்காமல் விடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். நம் ஊரில் பெயரின் வால் என்பது அப்பாவின் பெயர். நிரல் நொறுங்கவில்லை என்பதற்காக அதை வெட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தமிழில் அச்சிடத் தொடங்கினால் கணக்கே மாறும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். சுப்பிரமணியம் என்பதில் உகரக் கொம்பு, இகரக் கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி, மொத்தம் 13. ஆக 39 பைட், முடிவோடு 40. 32 பைட் பெட்டியில் போட்டால் 31 பைட் உள்ளே போகும்: "சுப்பிரமணி", அதற்குப் பின் யகரத்தின் முதல் பைட் மட்டும் அநாதையாக. திரையில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரியும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வெட்டும் இடத்தில் உள்ள பைட்டின் மதிப்பு 128 முதல் 191 வரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒரு குறியின் நடுப்பகுதி. அது மாறும்வரை பின்னால் நகர்ந்து, அங்கே பூஜ்யம் வையுங்கள். அப்படிச் செய்தாலும் 39 பைட் பெட்டியில் கடைசிப் புள்ளி போய், "சுப்பிரமணியம" என்று நிற்கும்.

அவள் பெட்டியை 256 பைட் ஆக்கினாள். அதுவும் போதாமல் போனால் டோக்கன் அச்சாகாது, முழுப் பெயரையும் திரையில் காட்டிவிட்டு நிற்கும். அந்தப் பெயரைக் கையால் எழுதிக்கொள்ளலாம் என்பது அவளே எடுத்த முடிவு.