சென்னை வெயிலைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் கடைசியில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கோடைக்காலக் கணிப்பு வந்ததும், புதிதாக வானிலை பார்க்கத் தொடங்கிய தம்பி தங்கைகள் உற்சாகமாக எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைத் தேடிப் படிப்பவன் நான். ஆனால் பத்து வரி தாண்டுவதற்குள், முதல் இரண்டு கோடைகளில் நான் செய்த அதே பிழைகள் எதிரே வந்து நிற்கும். தண்ணீர் குடியுங்கள், குடை எடுத்துப் போங்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மற்றதைப் பேசுவோம்.

அடர் சிவப்பைப் பார்த்துப் பயமுறுத்துவது

அந்தக் கணிப்போடு வரும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வரைபடம் சொல்வது ஒன்றுதான்: மூன்று மாதச் சராசரி இயல்பை விடக் கூடுதலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? நிறம் அடர்ந்தால் வாய்ப்பு அதிகம் என்று பொருள், வெயில் அதிகம் என்று பொருள் இல்லை. மே 10 அன்று சென்னையின் வானிலை நிலையம் இருக்கும் நுங்கம்பாக்கத்தில் எத்தனை டிகிரி என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அதிகபட்ச வெப்பநிலையை மட்டும் பார்ப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

பல வருடங்களுக்கு முன், என் பெரியப்பா மகன் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மே மாதம். நாலைந்து நாளாக மேற்குக் காற்று வீசி, வெயில் 40-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. "தம்பி, வியாழக்கிழமை தளம் போடலாமா? வெயில் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். கணிப்பில் 35 என்று இருந்தது. "தாராளமா போடுங்க அண்ணே, அஞ்சு டிகிரி குறையுது" என்றேன்.

குறையத்தான் செய்தது. காலை பதினோரு மணிக்கே கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. அதோடு கடலின் ஈரமும் வந்தது. தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. மிக்சர் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு, கலவைச் சட்டியோடு படியேறிக்கொண்டிருந்த சித்தாள் ஒருவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். முந்தானையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வேர்வை. அப்புறம் வாந்தி எடுத்தார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு நாளில் எழுந்து நடமாடினார் என்றாலும், நான் சொன்ன அந்த "தாராளமா" இன்றும் உறுத்துகிறது.

என்ன நடந்தது? உடம்பைக் குளிர்விப்பது வேர்வை அல்ல, வேர்வை காய்வது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாமல் வழிந்து ஓடும், உடம்புச் சூடு உள்ளேயே தங்கும். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 28 சதவீதம் என்றால், அமெரிக்க வானிலைத் துறையின் வெப்பக் குறியீட்டுச் சூத்திரப்படி உடம்பு உணர்வது ஏறக்குறைய 42. அதே சூத்திரத்தில் 35 டிகிரியையும் 63 சதவீதத்தையும் போட்டுப் பாருங்கள், 46-ஐத் தாண்டுகிறது. அதுவும் நிழலில் இருப்பவருக்கான கணக்கு. வெயிலில் சட்டி தூக்குபவருக்கு இன்னும் மோசம்.

அதனால் சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்குமோ அந்த அளவு. மீனம்பாக்கம் விமான நிலையம் விமானங்களுக்காக அவ்வப்போது வெளியிடும் மெட்டார் (METAR) வானிலை அறிக்கையில் 35/27 என்று இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வெப்பநிலை, பின்னால் இருப்பது பனிநிலை. பின்னால் 18, 19 இருந்தால் வறண்ட மேற்குக் காற்று, வெயில் சுடும். 26, 27 இருந்தால் புழுக்கம். மேற்கே இருந்த காற்று தென்கிழக்குக்குத் திரும்பி, அடுத்த அறிக்கையிலேயே பனிநிலை ஐந்தாறு டிகிரி தாவினால் கடற்காற்று நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அது பதினோரு மணிக்கு வந்தால் வெயில் 35, 36-லேயே நின்றுவிடும். மூன்று மணி வரை மேற்குக் காற்று தடுத்து நிறுத்தினால் 40 தாண்டும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் நுங்கம்பாக்கத்தை விட ஒரு டிகிரி கூடப் பதிவாவதற்கும் பெரும்பாலும் கடற்காற்று அங்கே தாமதமாகப் போய்ச் சேர்வதே காரணம்.

"நாளை 35 தான், நிம்மதி" என்று எழுதாதீர்கள். அதை நம்பி யாரோ வேலைக்கு ஆள் சொல்லுகிறார்கள்.

காலை ஈரப்பதத்தை மதிய வெயிலோடு சேர்ப்பது

காலை ஆறு மணி ஈரப்பதம் 80 சதவீதம், மதிய வெயில் 39. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போட்டு "உணரும் வெப்பம் 70-க்கும் மேல்" என்று படம் போடுகிறார்கள். 39 டிகிரியில் 80 சதவீதம் என்றால் பனிநிலை 35 வர வேண்டும். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பதிவாகி, உலகிலேயே மிக அதிகம் என்று பேசப்படும் அளவு அது. காற்று சூடாகச் சூடாக ஈரப்பதச் சதவீதம் தானாகவே இறங்கும். ஒரே நேரத்து அளவுகளைத்தான் சேர்க்க வேண்டும்.

கார் டேஷ்போர்டு காட்டும் 44

அது தார்ச்சாலையின் சூடு.

வெப்ப அலை அறிவிப்பு இல்லை என்பதால் பயமில்லை என்பது

கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல, வெயில் குறைந்தது 37 இருக்க வேண்டும், இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதத்தில் சென்னையின் இயல்பே 37, 38 என்பதால் ஏறக்குறைய 42 தொட வேண்டும். அண்ணன் வீட்டுத் தளம் போட்ட அந்த வியாழக்கிழமை இந்தக் கணக்குக்குள் வரவே வராது. ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையில் அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் சேரும்போது அசௌகரியம் ஏற்படலாம் என்றொரு வரி வரும். எல்லோரும் தாண்டிப் போகும் அந்த வரியைத்தான் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புயல் வந்தால் குளிரும் என்பது

2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி புயல் தமிழகக் கரைப் பக்கம் வரும் என்று ஏரிகள் வறண்டு கிடந்த சென்னை காத்திருந்தது. அது வடக்கே திரும்பி, மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. கரை தொடாமல் வடக்கே போகும் புயல் தன் பின்னால் நிலத்துக் காற்றை இழுக்கும். நமக்கு மழைக்குப் பதிலாக மேற்குக் காற்றும் வெயிலும்தான் மிச்சம். புயல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள்.

கத்திரி முடிந்தால் வெயில் முடிந்தது என்பது

நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. அந்த வருடக் கத்திரி அதற்கு முன்பே முடிந்துவிட்டது.