முதல் செலவு ஒரு வாஷர்

திருச்சியில் வீட்டு வயரிங்கும் சில்லறை பிளம்பிங்கும் பார்ப்பது என் தொழில். உறையூர் ஓட்டு வீடு, தில்லைநகர் அபார்ட்மெண்ட், கே.கே. நகர் தனி வீடு என்று எல்லா வீட்டுக்குள்ளும் ஏணியோடு போய் வந்தவன். சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்களில் பலர் மூங்கில் பிரஷ், சணல் பை, கண்ணாடி ஜாடி என்று புதிதாக வாங்குவதில் தொடங்குகிறார்கள். குளியலறைக் குழாய் அந்தப் பக்கம் சொட்டிக்கொண்டே இருக்கும். வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். வீட்டிலிருந்து ஒழுகுவதை முதலில் அடையுங்கள். தண்ணீர் ஒழுகும், கரண்ட் ஒழுகும், வெயில் உள்ளே ஒழுகும். மூன்றையும் அடைக்க ஆயிரங்கள் வேண்டாம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம், அதுதான் மலிவு.

நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். இருபது லிட்டருக்குப் பக்கத்தில் நிறைந்திருக்கும். உள்ளே இருக்கும் வாஷர் பத்து ரூபாய்கூட வராது. கேட் வால்வை மூடி, குழாயின் தலையைக் கழற்றி, பழைய வாஷரை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால் அதே அளவில் தருவார்கள். கால் திருப்பில் திறக்கும் புது மாதிரிக் குழாயாக இருந்தால் வாஷர் இருக்காது, ஸ்பிண்டிலைத்தான் மாற்ற வேண்டும். அதுவும் நூறு இருநூறில் முடியும்.

குழாய் சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். பிளஷ் டேங்க் ஒழுகுவது தெரியாது, சத்தமும் வராது. அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே மருந்து இருக்கிறது: துணிக்குப் போடும் சொட்டு நீலம். டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பிளஷ் பண்ணக் கூடாது. பிறகு கோப்பைக்குள் பார்த்தால், பின்சுவரில் நீலக் கோடு இறங்கியிருந்தால் அடி ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். உறையூரில் ஒரு பாட்டி வீட்டில் இதைச் செய்து காட்டினேன். "ஏன் தம்பி, இத்தனை நாளும் மோட்டார் போட்டுப் போட்டு இதுலயா கொட்டினேன்?" என்றார். ஆமாம் பாட்டி, இதில்தான்.

பத்து லிட்டர் பிடிக்கும் பழைய டேங்காக இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பி, இறுக மூடி, உள்ளே மிதவையில் படாமல் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் போடாதீர்கள், கரைந்து வால்வில் அடைக்கும். இரண்டு பட்டன் உள்ள புது டேங்குக்கு இந்த வேலையே வேண்டாம்.

பாத்திரம் தேய்க்கும் குழாயின் வாயில் ஏரேட்டர் என்ற சின்னச் சல்லடை மாட்டலாம். நூறு ரூபாய் அளவில் கிடைக்கும், தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும். பாதிக்கும் குறைவான தண்ணீரில் அதே வேலை நடக்கும். உப்புத்தண்ணீர் வரும் வீட்டில் மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

ஆர்ஓ மிஷினைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு லிட்டர் குடிதண்ணீர் தர மூன்று லிட்டர் வரை சாக்கடையில் விடுகிற மிஷின்கள் இன்றும் ஓடுகின்றன. உங்கள் தண்ணீருக்கு அது தேவையா என்று பார்க்க, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருநூறு முன்னூறு ரூபாயில் கிடைக்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் உப்புக்காக ஆர்ஓ தேவையில்லை. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 500க்குக் கீழ் உள்ள இடங்களில் இதைத் தடுக்கத்தான் சொன்னது. மாநகராட்சியின் ஆற்றுத்தண்ணீர் வரும் வீடுகளில் நான் மீட்டரை அமிழ்த்திப் பார்த்த இடமெல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் காட்டியது. கிருமியை அந்த மீட்டர் காட்டாது, அதற்குக் கொதிக்க வைப்பதுதான் வழி. போர் தண்ணீர்தான், ஆர்ஓ இல்லாமல் முடியாது என்றால், கழிவுக் குழாயை ஒரு குடத்துக்குத் திருப்பிவிடுங்கள். வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற ஆகும். செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் தங்கிவிடும்.

இனி என் சொந்த இலாகா, கரண்ட்.

இரவு படுக்கும் முன் பேன், லைட், பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். எத்தனை மினுக்கலுக்கு ஒரு யூனிட் என்று முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். 3200 என்பது நிறைய மீட்டரில் பார்க்கும் எண். எல்லாம் நிறுத்திய பிறகும் மினுக்கினால் எங்கோ ஏதோ ஓடுகிறது. ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவி, செட்டாப் பாக்ஸ், ஓயாமல் சார்ஜ் ஏறும் இன்வெர்ட்டர் இவைதான் வழக்கமான ஆட்கள். செட்டாப் பாக்ஸ் தூங்கும்போதும் எட்டுப் பத்து வாட் தின்னும். நாளுக்கு இருபது மணி நேரம் அப்படிக் கிடந்தால் இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு யூனிட். பிளக் பாயிண்டில் அணைக்கக் காசு செலவில்லை. எதுவும் ஓடவில்லை, ஆனாலும் மினுக்குகிறது என்றால் கரண்ட் மண்ணுக்குக் கசியும் எர்த் லீக்கேஜாக இருக்கலாம். அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள், இது சிக்கனத்தைத் தாண்டி உயிர் விஷயம்.

இதே விளக்கை வைத்து ஒரு பொருள் எவ்வளவு தின்கிறது என்றும் கண்டுபிடிக்கலாம். அதை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் மினுக்கலை எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 16 மினுக்கல் என்றால் 300 வாட். பழைய பிரிட்ஜுக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகுதான் கதவு ரப்பரைக் கவனிப்பார்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சும்மா வந்துவிட்டால் குளிர் அந்த வழியாகத்தான் போகிறது. ரப்பர் மட்டும் மாற்றலாம், பிரிட்ஜை மாற்ற வேண்டாம். சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கள்.

நம் ஊரில் வருடம் முழுக்க ஓடுவது பேன்தான். பழைய பேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் வைத்த பேன் 30 வாட் சுமாரில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு பேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் என்ற கட்டண அடுக்கே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளின் சலுகையில் ஒரு பகுதியும் போய்விடுகிறது. 520, 530 என்று ஓடும் வீட்டில் அந்த ஒரு பேனே கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்துவிடும். விலை மூவாயிரம் சுமார். அதனால் எல்லா பேனையும் ஒரே நாளில் மாற்றச் சொல்ல மாட்டேன். ஹாலில் ஓடுவது முதலில், படுக்கையறை அடுத்த வருடம். விருந்தாளி அறை பேன் அப்படியே இருக்கட்டும். வாடகை வீடாக இருந்தால் பழைய பேனைப் பரணில் வைத்து, காலி செய்யும்போது உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம். மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை விலக்கி நேராக இணைக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் பேனுக்குள் இருக்கும் போர்டு சீக்கிரம் போகும்.

இப்போதைக்குக் காசில்லை, பேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள். அறுபது ரூபாய் வேலைக்குப் புதுப் பேன் வாங்கினவர்கள் உண்டு. ரெகுலேட்டர் தொட்டால் சுடும் பெரிய பெட்டி வகையா? மெதுவாக வைத்தாலும் அதில் மிச்சம் பெரிதாக வராது, எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு மாறுங்கள். சோக் வைத்த டியூப்லைட் இன்னும் இருந்தால் எல்இடிக்கு மாற்றிவிடுங்கள், பாதிக்கும் மேல் குறையும். ஏசியை 24, 26இல் வைத்து மேலே பேனை ஓட்டுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு.

ஆனால் ஏசி ஏன் தேவைப்படுகிறது? மொட்டை மாடி காய்வதால்.

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நம் தலையில் இறக்கும். பேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது. அந்தக் காலத்தில் சுருக்கி என்ற செங்கல் தூளைச் சுண்ணாம்போடு கலந்து போட்டு மேலே தட்டை ஓடு பதித்தார்கள், அந்த வீடுகளில் இன்றும் நடு மத்தியானம் படுக்கலாம். இப்போது அதைச் செய்யச் செலவு அதிகம். கையில் ஆகக்கூடியது வெள்ளைச் சுண்ணாம்பு. கூலிங் பெயிண்ட் என்று விற்பதும் நல்லதுதான், சில வருடம் தாங்கும். சுண்ணாம்பு அதன் விலையில் ஒரு சின்னப் பங்குதான், வருடா வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவே.

பங்குனியில், கத்திரி வெயிலுக்கு முன்பே செய்துவிடுங்கள். மாடியைத் துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பாசியை எடுத்துவிட்டு, விரிசலை முதலில் அடைக்கவும். இரும்பு டிரம்மில் தண்ணீர் விட்டு, அதில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கொதித்துப் பொங்கும், அந்தச் சூட்டில் வாளி இளகிவிடும். முகத்தை எட்ட வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஒரு ராத்திரி ஆறவிட்டுப் பழைய வேட்டியில் வடிகட்டினால் மோர் பதத்தில் வரும். பிடிப்புக்கு முன்பு வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றுவார்கள், இப்போது பெவிகால் கலக்கிறோம், கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டும் சேர்த்தால் காலில் ஒட்டாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தளத்தை நனைத்துவிட்டு முதல் கோட், மறுநாள் சாயங்காலம் குறுக்கே இரண்டாவது கோட். பிறகு இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்து வெளுத்ததும் மத்தியானத்தில் வெறுங்காலோடு மாடியில் நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டு மாடியில் அப்படி நடக்க முடியாது.

மேற்குச் சுவருக்கு ஒரு கொடிப் பந்தல் போதும். கோவைக்காய் சீக்கிரம் படரும், காயும் கிடைக்கும்.

சுண்ணாம்பு அடித்த மாடியில் முதல் இரண்டு மழையைச் சேமிக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். அதன் பிறகு வருவது நல்ல தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்கும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் பல வீட்டில் இன்னும் இருக்கின்றன. குழாய் இருக்கிறது, குழிதான் தூர்ந்து கிடக்கிறது. புதிதாக எதுவும் கட்டத் தேவையில்லை. புரட்டாசிக்குள் குழியைத் தோண்டி, ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போட்டு, மாடிக் குழாய் வாயில் வலையைப் புதுப்பித்தால் ஐப்பசி மழைக்குத் தயார். கிணறு இருந்தால் குழாயை அதற்குத் திருப்பலாம், நடுவில் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றில் பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, மணல் என்று அடுக்கி வடிகட்ட வேண்டும். வடிகட்டாத தண்ணீரை நேராகப் போருக்குள் விடவே கூடாது.

சமையலறைக் கழிவு என் வீட்டுக்காரம்மாவின் பொறுப்பு, அவர் சொல்வதை எழுதுகிறேன். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி இரண்டு. அடியில் ஒரு கை உயரத்துக்குச் சருகு அல்லது தேங்காய் நார்த்தூள். காய்த் தோல், டீத்தூள், வாடின பூ எல்லாம் அன்றன்றைக்குப் போட்டு, மேலே அதே அளவு சருகு மூட வேண்டும். புளித்த மோர் வாரம் ஒருமுறை தெளித்து, குச்சியால் கிளறிவிட வேண்டும். குழம்பு, எண்ணெய், மீன் முள் கூடாது. நாறினால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போட்டால் சரியாகும். வெள்ளைப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் தின்றுதான் கொடுக்கிறது. முதல் வாளி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம், அது நிறைவதற்குள் முதலாவது மண் வாசனையோடு கறுத்திருக்கும். இடமில்லாதவர்கள் பிரித்தாவது கொடுங்கள், மாநகராட்சியின் நுண் உர மையங்களுக்கு மக்கும் குப்பை தனியாகப் போனால்தான் உரமாகும். கலந்து போட்டதெல்லாம் அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் மலையாகக் கிடந்ததை ரயிலில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கேஸ் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. அரிசியும் பருப்பும் அரை மணி ஊறட்டும், குக்கரில் வைக்கவும், தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யவும்.

சோலார் போடலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் மின்கட்டணக் கணக்கைக் காட்டச் சொல்வேன். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்திருக்கிறார்கள். ஒரு கிலோவாட் நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் தரும், மாடியில் நூறு சதுர அடி கேட்கும். மேலே சொன்னதையெல்லாம் செய்து ஒரு வருடக் கணக்கைப் பார்த்த பிறகு அளவை முடிவு செய்யுங்கள். மூன்று போட நினைத்த வீட்டுக்கு இரண்டே போதும் என்று வரலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் மேல் விழாத இடம் பாருங்கள். ஸ்டாண்டை ஓர் ஆள் குனிந்து போகும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள், அடுத்த பங்குனிக்கு அடியில் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமே.