சின்னச் சபைக்கு ஒரு பாடற்குழு: யாழ்ப்பாணத்தில் எங்கிருந்து தொடங்குவது

வீட்டு விறாந்தையில் நாலு குடும்பத்தோடு தொடங்கிய ஜெபக்கூட்டம் அறுபது பேராகி, வளவுக்குள் தகரக் கொட்டிலும் போட்டாயிற்று என்றால், உடனே ஒரு தம்பி வந்து கேட்பார்: "பாஸ்டர், டிரம்ஸ் எப்ப வாங்குறது?" கடைசியாக வாங்குங்கள். முதலில் வாங்க வேண்டியது ஒன்றுமே இல்லை, சனம் வாய்திறந்து பாடுகிறதா என்று பாருங்கள். 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் பற்றிக்கொண்டபோது தொடக்கத்தில் அங்கே வாத்தியமும் இல்லை, பாட்டுப் புத்தகமும் இல்லை, தெரிந்ததை நினைவிலிருந்து பாடினார்கள். இங்கேயும் 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் எந்தச் சபை பாடும், எந்தச் சபை கீபோட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்துபோனது.

அடுத்தது பாட்டுத் தெரிவு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து வட்டுக்கோட்டை, உடுவில் என்று பள்ளிக்கூடம் கட்டிய ஊர் இது, ஆகவே உங்கள் சபையில், அந்த மிஷன் சபைகள் பின்னர் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்து பாமாலையும் (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) கீர்த்தனையும் (நம் ராகத்தில் அமைந்த பாட்டு) மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு அம்மா நிச்சயம் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர், அதற்கும் பக்கத்தில் சிறுவயதில் தேவாரம் மட்டுமே பாடிப் பழகிய ஒரு அண்ணை. மூன்று பேருக்கும் பொதுவான பாட்டு ஒன்றும் கிடையாது. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் சின்னப் பாடல்களை முதலில் எடுங்கள், நடுவில் ஒரு பழைய கீர்த்தனையும் வரட்டும். புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். ஆராதனை தொடங்க முதல் ஐந்து நிமிடம் பல்லவியை மட்டும் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து மூன்று ஞாயிறு பாடுங்கள். வாரத்துக்கு இரண்டு புதுப் பாட்டு என்று போனால் குழு சந்தோஷமாக இருக்கும், சனம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஸ்கேல் (பாட்டை எந்தச் சுருதி உயரத்தில் பிடிப்பது என்பது) விஷயத்தில்தான் முக்கால்வாசிச் சபைகள் வழுக்குகின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். யூடியூப்பில் கேட்கிற பாட்டு, நன்றாகப் பயின்ற ஒருவர் தன் குரலுக்கு ஏற்ற உயரத்தில் பாடி ரெக்கோட் செய்தது. அதே ஸ்கேலில் நீங்களும் பிடித்தால் சரணத்தில் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள், மிச்சப் பேர் கத்துவார்கள். வழி சுலபம். பாட்டில் வரும் ஆக உயரமான சுரத்தைக் கண்டுபிடியுங்கள், பெண்களின் குரலில் அது நடு சி-க்கு (கீபோட்டின் நடுவிலுள்ள சி கட்டை) ஒரு ஸ்தாயி மேலுள்ள சி அல்லது டி-யைத் தாண்டாதபடி கீபோட்டில் டிரான்ஸ்போஸ் பண்ணுங்கள், அதாவது முழுப் பாட்டையும் ஒரே அளவில் இறக்குங்கள். கீழே நடு சி-க்குக் கீழுள்ள ஏ வரைக்கும் போகலாம், அதற்குக் கீழே சத்தம் விழுந்துவிடும். ஆண்கள் தாங்களாகவே ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடிக்கொள்வார்கள். முன்னணிப் பாடகருக்கு இது "சப்" என்று இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆட்களைத் தேடும்போது மைக்குக்கு ஆசைப்படுகிற பெடியனை விட்டுவிட்டு, கர்நாடக சங்கீதத்துக்கு வட இலங்கை சங்கீத சபை நடத்தும் பரீட்சையில் ஒன்றிரண்டு தரங்களில் சித்தியடைந்த தங்கச்சிமார் சபையில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சுருதியும் தாளமும் ஏற்கெனவே கையில் இருக்கும், பல கீர்த்தனைகள் திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாள நடை) போகிறபடியால் அவர்கள் ஒருநாளில் பிடித்துவிடுவார்கள். (கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளை ஆராதனைக்குச் சரிவராது என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம்.) இன்னொன்று, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள். ஏ எல் முடிந்ததும் ஒருத்தர் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போவார், இன்னொருத்தருக்கு கனடா சரிவரும். தனி ஒருவரை நம்பிக் கட்டிய குழு விமான நிலையத்தோடு முடிந்துவிடும்.

பயிற்சியை ரியூசன் நேரம் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். முதல் அரைமணித்தியாலம் வாத்தியம் தொடாமல் கைத்தட்டி மட்டும் பாடவேண்டும். பிறகு சைகைகளை ஒத்துக்கொள்ளுங்கள்: ஒரு விரல் காட்டினால் பல்லவி, இரண்டு என்றால் சரணம், முஷ்டி மூடினால் நிறுத்தம். எங்கள் பெந்தெகொஸ்தே ஆராதனையில் பாட்டு எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரியாது, ஆவியானவர் நடத்துகிறார் என்று சபை துதிக்கத் தொடங்கும்போது கீபோட்காரர் முழுசிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நாலு கோட்ஸை (சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டுகள்) மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாலே போதும். டிரம்ஸ்காரர் அப்போது சும்மா இருப்பது பெரிய ஊழியம்.

இனிச் சாமான்கள். வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்புவதைச் சந்தோஷமாக வாங்குங்கள், ஆனால் செருக முதல் அடப்டரைத் திருப்பி வாசியுங்கள். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. "100-240" என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை, 120 மட்டும் இருந்தால் நேரே செருகினால் கருகிவிடும். லண்டனிலிருந்து வந்தால் வோல்ட் சரிதான். தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் பின்சுவரில் தடித்த திரைச்சீலை தொங்கவிடுங்கள், ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், தலைகளுக்கு மேலே வரும்படி உயர்த்தி வையுங்கள். மைக் கூவுகிறது என்றால் புது மிக்சர் (மைக், வாத்தியச் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) வாங்க ஓடாமல் முதலில் ஸ்பீக்கர் இருக்கிற இடத்தை மாற்றிப் பாருங்கள். அறுபது பேர் கொட்டிலுக்குக் கஹோன் பெட்டி (மேலே இருந்துகொண்டு கையால் தட்டும் மரப்பெட்டி) ஒன்று தாராளம். நூற்றைம்பது பேர் வந்தபிறகு அந்தத் தம்பியிடம் டிரம்ஸைப் பற்றிக் கதைக்கலாம்.

அயலவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் குறிப்பு குறைதான். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் அனுமதி கொடுக்கக்கூடாது. முழு இரவு ஜெபம் வைத்தால் பத்து மணியோடு ஸ்பீக்கரை நிற்பாட்டி வெறும் குரலில் பாடுங்கள். பக்கத்து வீட்டில் செத்தவீடு என்றாலோ பிள்ளைக்குச் சோதனை என்றாலோ சத்தத்தைக் குறையுங்கள், கோயில் திருவிழாக் காலத்தில் போட்டிக்கு ஒலியைக் கூட்டாதீர்கள். முறைப்பாடு வந்தால் எல்லாவற்றையும் உபத்திரவம் என்று சாட்சி சொல்ல வெளிக்கிடாமல், போதகரே போய் அந்த வீட்டு முற்றத்தில் இருந்து ஒரு ஞாயிறு ஆராதனையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அனேகமாக பேஸ் எனும் தாழ்ந்த அதிர்வுச் சத்தம்தான் சுவரைத் தாண்டியிருக்கும்.

நேரலை போட ஆசை இருந்தால் மிக்சரிலிருந்து ஒரு வயரைப் போனுக்கு எடுங்கள், போனின் மைக்கை நம்பினால் தகரத்தின் எதிரொலிதான் டொராண்டோவுக்குப் போகும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கீர்த்தனைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது பதிப்புரிமை இருக்காது. இலங்கைச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 70 வருடம் வரைக்கும் உரிமை உண்டு, ஆகவே இப்போதைய பாடல்களைப் போடமுதல் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கமராவைக் குழுவின் பக்கமே வையுங்கள், அழுது ஜெபிக்கிற சனத்தின் முகத்துக்குத் திருப்பவேண்டாம்.