டிபரன்சியல் மாற்றும் முன்

பழைய பின்சக்கர இழுவைக் கொரோலாவுக்குப் பலமான எஞ்சின் பூட்டியாயிற்றா? அடுத்தது டிபரன்சியல்: எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி. இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும்படி அதை வெல்ட் அடித்து இறுக்கவே வேண்டாம். நல்லூர் ஒழுங்கைகளில் திரும்பும்போதெல்லாம் ரயர் கீச்சிட்டுத் தேயும், அச்சிலும் முறுக்கு ஏறும். தெரு ஓட்டத்துக்கு ஹெலிக்கல் (சரிவான பற்கள் கொண்ட) வகை எல்எஸ்டிதான் நல்லது; எல்எஸ்டி என்பது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிபரன்சியல். ஹெலிக்கலில் தேய்வதற்குக் கிளட்ச் தட்டுகளே இல்லை.

விகிதம் தெரிய பற்களை எண்ணுங்கள். கிரவுனில் (பெரிய பல்சக்கரம்) 43, பினியனில் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) 10 என்றால் 4.3. முன்பு 3.9 இருந்திருந்தால், ஏ9 வீதியில் அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 10 சதவீதம் கூடுதலாகச் சுழலும். கொழும்புக்கு அடிக்கடி ஓடுபவர்கள் 3.9ஐயே வைத்திருங்கள்.

பாவித்த அச்சு வாங்கினால் ஒயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மாப்போல் நுண்ணிய மினுங்கும் தூள் என்றால் சரி, இரும்புத் துண்டு தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள்.