உணவுத் தொழிலில் ஆள் பழக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக உணவுப் பொருள் தயாரிக்க இறங்கியவர்கள் என்னைத் தேடி வந்தால் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "பெரிய கடைகளுக்குச் சரக்கு எடுக்கிறவர் யாரையாவது தெரியுமா அண்ணா? நம்பர் மட்டும் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்." போன வாரம் வந்த தம்பியும் அப்படித்தான் கேட்டார். பொருள் நன்றாகவே இருந்தது. எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்டேன். "ஆறு மாதம் தாங்கும் அண்ணா" என்றார். அது எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. தொழில் தொடங்கிய வருடத்தில் நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விசிட்டிங் கார்டு இல்லாமல் போவது, போன் வந்தால் எடுக்காமல் விடுவது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகவே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை செய்துவிட்டாலே திரும்ப எடுக்க முடியாத தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

## தயாராகும் முன்பே அறிமுகத்தைச் செலவழிப்பது

அப்போது நான் பொட்டலமிட்ட தின்பண்டம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு பேக்கிங் ஃபிலிம் கொடுத்த பெரியவர், தொழிலில் முப்பது வருடம் பழுத்தவர். என் மேல் இருந்த பிரியத்தில் ஒரு கடைச் சங்கிலியின் கொள்முதல் மேலாளரிடம் பேசி எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். போவதற்கு முன் ஒன்று சொன்னார்: "எண்ணெய் இருக்கிற சரக்கு, உள்ளே அலுமினியப் பூச்சு இருக்கிற ஃபிலிமாக எடு." பொருள் வெளியே தெரிந்தால்தான் விற்கும் என்று நான் தெளிவான ஃபிலிமையே எடுத்தேன்.

மேலாளர் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டார். ஆறு என்றேன். வாரத்துக்கு எவ்வளவு தர முடியும் என்று கேட்டார். அதுவரை நான் போட்டதைப் போல நான்கு மடங்கைச் சொன்னேன். ஆர்டர் கிடைத்தது. இரவு பகலாக ஓட்டியதில் சீல் சரியாகப் பிடிக்காத பொட்டலங்கள் கலந்து போயின. ஏழாவது வாரம் சரக்கு திரும்பி வரத் தொடங்கியது. பாதி நமத்துப்போயிருந்தது, மீதியில் சிக்கு வாடை.

பண நஷ்டத்தை இரண்டு வருடத்தில் அடைத்துவிட்டேன். அடைக்க முடியாதது வேறு. அந்த மேலாளர் போன் செய்தது எனக்கல்ல, பெரியவருக்கு. அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரையும் யாரிடமும் அவர் அனுப்பவில்லை. எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் உண்மையிலேயே தயாராக இருந்தார்கள், அவர்களையும் அனுப்பவில்லை. ஒருவர் நம்மை அறிமுகம் செய்கிறார் என்றால் தன் பெயரை நமக்காக அடகு வைக்கிறார். மீட்டுக் கொடுக்காவிட்டால் நஷ்டம் அவருக்கும், நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான். யாராவது "நம்பர் மட்டும் கொடுங்கள்" என்று கேட்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருவது இதனால்தான்.

சரி, தயாராக இருப்பது என்றால் என்ன? மேலாளர் எதிரே உட்காரும் முன் உங்களுக்குப் பழக்கமாக வேண்டிய முதல் ஆள் ஆய்வகத்தில் இருக்கிறார். ஆய்வகங்களின் சோதனைத் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அங்கீகாரம் உங்களுக்குத் தேவையான சோதனைக்கும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள், ஏனென்றால் அது ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. எண்ணெய்ப் பண்டம் கெடுவதற்கு வெளிச்சம், காற்று, ஈரம் மூன்றும் காரணம். ஆகவே பொருளை மட்டும் கொடுக்காதீர்கள், கடைக்குப் போகப்போகிற அதே ஃபிலிமில் சீல் வைத்துக் கொடுங்கள். ஈரமான பொருள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிஹெச் (புளிப்பு அளவு, எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.6-க்கு மேல் இருக்கிற பொருளைச் சரியாகச் சூடேற்றாமல் காற்றுப் புகாமல் அடைத்து அறை வெப்பத்தில் வைத்தால், போட்டுலினம் என்ற உயிர்கொல்லி நச்சு உள்ளே உருவாகலாம். பார்வைக்கோ மூக்குக்கோ அது தெரிய வேண்டும் என்றில்லை.

ஆறு மாதம் காத்திருக்க முடியாது என்றால், வெப்பத்தைக் கூட்டி விரைவாகப் பார்க்கும் சோதனை இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்ற கணக்கை வைத்து அதைச் செய்கிறார்கள். இது தோராயம்தான், எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு பேட்சிலும் சில பொட்டலங்களைத் தேதி எழுதிச் சாதாரண வெப்பத்திலும் எடுத்து வையுங்கள். மாதம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து, தின்று, எழுதி வையுங்கள். அந்த நோட்டை மேலாளர் முன் விரித்தால் வேறு பேச்சே தேவையில்லை.

அப்புறம் பணக் கணக்கு. சரக்கு கொடுத்து 60 நாள் கழித்துத்தான் பணம் என்றால், ஏறத்தாழ ஒன்பது வார மூலப்பொருளும் கூலியும் உங்கள் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். விற்காத சரக்கைத் திருப்பி அனுப்புவார்களா, வரும்போதே ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு மீதி இருக்க வேண்டும் என்பது போல நிபந்தனை உண்டா, விநியோகஸ்தருக்கும் கடைக்கும் மார்ஜின் போக உங்களுக்கு என்ன நிற்கும் என்பதையெல்லாம் வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லி, எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதனால் ஆர்டர் தவறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

போன வாரம் வந்த தம்பிக்கு ஆய்வகத்தின் நம்பரைத்தான் கொடுத்தேன். முகம் வாடித்தான் போனார்.

## வாங்குகிறவர்களை மட்டுமே தேடுவது

சீல் மெஷின் இரவு பதினொரு மணிக்கு நின்றால் யார் வருவார்? குளிர் அறை நின்றுபோனால்? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றப்போகிறவர் கொள்முதல் மேலாளர் அல்ல, மெக்கானிக். அவருடைய பழக்கம் மெஷின் நன்றாக ஓடும்போதே இருக்க வேண்டும்.

கிடங்கில் சரக்கு இறக்குபவரிடமும் நின்று பேசுங்கள். என் அட்டைப்பெட்டி ஐந்து அடுக்குக்கு மேல் போனால் அடியில் நசுங்குகிறது என்று எனக்குச் சொன்னது அப்படிப்பட்ட ஒருவர்தான். அதுவரை கடைகளிலிருந்து வந்த புகாருக்கு நான் லாரியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

## ஒரே சப்ளையரை நம்பி இருப்பது

கூடாது. இரண்டாவது ஆளிடமும் மாதம் கொஞ்சமாவது வாங்குங்கள்.

## உணவுப் பாதுகாப்பு அதிகாரியைக் கண்டால் ஒதுங்குவது

அவர் வந்தால் தொல்லை என்று உரிமம் வாங்குகிற நாள் வரை பலரும் ஒளிந்திருக்கிறார்கள். தரை போட்டு, வடிகால் வைத்து, சுவர் பூசி முடித்த பிறகு, பச்சைப் பொருள் வரும் வழியும் தயாரான பொருள் போகும் வழியும் குறுக்கே வருகிறது என்று அவர் சொன்னால் இடிப்பதைத் தவிர வழியில்லை. வரைபடமாக இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆபத்து எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டியே கண்டு அங்கேயே தடுக்கும் ஹெச்ஏசிசிபி முறை, 1960-களில் நாசாவின் விண்வெளி வீரர்களுக்கான உணவுக்காக உருவானது. இன்று சிறிய கூடத்துக்கும் அடிப்படை அதுதான். அதிகாரி கேட்கிற கேள்விகளில் பாதி அங்கிருந்து வருபவை. எழுதிக்கொண்டு வந்தால் இலவசப் பாடம்.

## சிறிய ஆட்களுக்குப் பணத்தை இழுத்தடிப்பது

லேபிள் அடிப்பவருக்குச் சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள்.

## அதே தொழிலில் இருப்பவரை எதிரியாகப் பார்ப்பது

ஃபிலிம், பாட்டில், மூடி எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச ஆர்டர் அளவு உண்டு, புதியவருக்கு அது மலை மாதிரி. அச்சிடாத ஃபிலிமை இரண்டு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்டு லேபிளை மட்டும் தனித்தனியாக ஒட்டலாம். அரை லாரிச் சரக்கு வைத்திருக்கும் இருவர் சேர்ந்தால் முழு லாரி. ஒருமுறை எனக்கு வர வேண்டிய மூலப்பொருள் வழியில் நின்றுவிட்டது, இரண்டு மூட்டை கொடுத்து உதவியவர் என்னைப் போலவே அதே பண்டம் செய்பவர். செய்முறையை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விலையை மட்டும் பேசி வைத்துக்கொள்ளாதீர்கள், போட்டியாளர்கள் சேர்ந்து விலை நிர்ணயிப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

## அறிமுகம் செய்தவரிடம் நடந்ததைச் சொல்லாமல் விடுவது

காரியம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அன்றைக்கே போன் செய்யுங்கள். திரும்பி வந்த சரக்கைப் பற்றி அந்தப் பெரியவர் என் வாயால் கேட்டிருக்க வேண்டும், மேலாளர் வாயால் கேட்டார். ஒரு வருடம் கழித்து ஆய்வக அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். முழுதும் படித்துவிட்டு, "எந்த ஃபிலிம் வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை அவரிடம் வாங்குகிறேன். அறிமுகம் கேட்டதில்லை.