தேயிலைத் தோட்டத்தில் எழுத்தறிவு வகுப்பு நடத்துவோருக்கு

நீலகிரியில் முதியோர் எழுத்தறிவு வகுப்பு தொடங்க விரும்புவோர் முதலில் இடத்தையும் நேரத்தையும் தீர்மானிக்க வேண்டும். கொழுந்து பறித்து, எடை போட்டு, வீடு திரும்பிச் சமையலையும் முடித்த பின்னரே பெண்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கங்களில் இருட்டிய பின் யானை நடமாட்டம் உண்டு என்பதால், வகுப்பை அவர்கள் குடியிருக்கும் லயன் (தொழிலாளர் வரிசை வீடு) வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து மிகும் மாதங்களில் வகுப்பு நாள்களைக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளே அவரவர் பெயரை எழுதப் பழக்குங்கள். எனினும் கையெழுத்தோடு நிறுத்திவிடுவது, படிக்க முடியாத தாளில் ஒப்பமிடும் ஆபத்தில் ஒருவரைத் தள்ளுவதே ஆகும்.

எழுத்துகளை அகர வரிசையில் தொடங்க வேண்டியதில்லை. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால், பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார். எழுத எளிய ப, ட ஆகிய இரண்டையும், புள்ளியையும் துணைக்காலையும் (ா) மட்டும் கொண்டு ‘பட்டா’ என்று எழுதிக் காட்டுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்கு உரிமை கோரும் பழங்குடியினருக்கு அச்சொல்லின் கனம் நன்றாகத் தெரியும்; பட்டா யார் பெயரில் இருக்கிறது, பெண் பெயரும் அதில் உண்டா என்று பேசவிட்ட பிறகே எழுத்தைப் பிரித்துக் காட்டுங்கள். கற்போரின் வாழ்விலிருந்தே சொற்களைத் தேர்ந்த பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் வழியும் இதுதான். அதே எழுத்துகளை இடம் மாற்றினால் ‘டப்பா’ வரும். ‘ம’ சேர்ந்தால் படம், பாடம், மட்டம், மாடம் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

பணியர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகளில் தமிழ் வீட்டுமொழி அன்று. அங்கே இருமொழியும் அறிந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் உடனிருப்பது இன்றியமையாதது.

கணக்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டாம். மனக்கணக்கில் அவர்கள் தேர்ந்தவர்கள். எடைச் சீட்டைக் கையில் கொடுத்து, காலையில் 12 கிலோ, மாலையில் 9 கிலோ, ஈரத்துக்குக் கழித்தது 2 கிலோ என்று இலக்கங்களை அவர்களே படித்துச் சரிபார்க்கப் பழக்கினால் போதும்.

நாற்பதைக் கடந்தவர் எழுத்தை மறந்துவிட்டார் என்று முடிவு செய்யுமுன் வெள்ளெழுத்து (கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரிவது) இருக்கிறதா என்று பாருங்கள்; கண்ணாடி கிடைத்ததும் அவர் படிக்கத் தொடங்கிவிடக்கூடும். அதுவரை எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்.

15 வயதைக் கடந்தோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை நடைபெறுகிறது. அதன் பாடநூல் கிடைக்குமா என்று வட்டார வளமையத்தில் கேளுங்கள். ஆயினும் மேற்சொன்ன சொற்கள் பழகிய பின்னரே அதை அவர்கள் கையில் கொடுங்கள்.