முள்ளைப் பிடுங்குவதற்கு முன்

ராமநாதபுரம் கடற்கரையில் முள் தைக்காத கால் கிடையாது. கரையெல்லாம் சீமைக்கருவேலம், தண்ணீரில் திருக்கையும் கெளுத்தியும், தட்டில் சூடையும் முள்ளுவாளையும். அதனாலேயே முள் எடுக்கும் கைப்பழக்கம் இங்கே எல்லாருக்கும் உண்டு. வளையலில் கோத்த ஊக்கை எடுத்து, வெளிச்சத்தில் காலைத் திருப்பிப் பிடித்து, இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். மேலாகத் தைத்த முள்ளுக்கு அது போதும். சிக்கல் எங்கே என்றால், அதே துணிச்சலை எல்லாவற்றின் மேலும் காட்டுவதில்தான். பாதி வெளியே வந்து பாதி உள்ளே நிற்பது, முழுசாக உள்ளே நிற்பதைவிடத் தொல்லை. வெளியே காயம் ஆறிவிடும், உள்ளே இருப்பது கண்ணில் படாது.

முதலில் தொண்டை. மீன் முள் சிக்கியதும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள், அல்லது வாழைப்பழம். மெல்லிய முள் சில நேரம் அதோடு போய்விடும். அந்த வைத்தியம் இன்னும் வாழ்வது அதனால்தான். ஆனால் டான்சிலிலோ நாக்கின் அடியிலோ குத்தி நிற்கிற முள்ளைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து இடுக்கியால் எடுத்துவிட முடியும். அதையே உருண்டை போட்டு உணவுக்குழாய்க்குத் தள்ளிவிட்டால் எண்டோஸ்கோபி வரை போக வேண்டும். குழாயைத் துளைத்துவிட்டால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும். விரலை விட்டு வாந்தி எடுப்பதும் வேண்டாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்துவிடுவது இன்னொரு தவறு. மீன் முள் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது, சிடி ஸ்கேனில்தான் பிடிபடும். முள் போன பிறகும் கீறின இடம் ஒன்றிரண்டு நாள் உறுத்தும் என்பதும் உண்மைதான். ஆனால் எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, கழுத்து வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அது வெறும் கீறல் இல்லை. அன்றைக்கே போக வேண்டும்.

திருக்கைக்கு வருவோம். அது மணலுக்குள் புதைந்து கிடக்கும், நாம்தான் மிதிக்கிறோம். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி உரசி நடந்தால் அதுவே விலகிப் போகும். குத்திவிட்டால், அந்த வால் முள்ளின் இரண்டு ஓரமும் பின்னோக்கிய பற்கள். மேலே விஷ உறை. இழுக்கும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும், உறையின் துணுக்கு உள்ளே தங்கிவிடும். வலி அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு ஏறிக்கொண்டே போகும். அந்த வேதனையில் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பு அப்புவது, பீடியால் சுடுவது, வலி மறக்க ஒரு கட்டிங் என்று ஆரம்பிப்பார்கள். ஒன்றும் உதவாது. உதவுவது வெந்நீர். அந்த விஷம் சூட்டில் கெடும் புரதம். 45 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை மூழ்க வைத்தால் வலி இறங்கும். சூட்டை அடிபடாத காலால் தொட்டுப் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். கெளுத்தி, ஓரா மீன் முள்ளுக்கும் இதே வெந்நீர்தான்.

வலி நின்றதும் வேலை முடிந்தது என்று படகுக்குத் திரும்பிவிடுவார்கள். “டிடி ஊசி போட்டாச்சே” என்பார்கள். டிடி ஊசி ரணஜன்னியை (டெட்டனஸ்) தடுக்கும், அவ்வளவே. உள்ளே தங்கிய துணுக்கை அது எடுக்காது. கடல்நீரில் வாழும் விப்ரியோ போன்ற கிருமிகளுக்கும் அது மருந்தில்லை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், குடியால் ஈரல் கெட்டவர்களுக்கும் இந்தக் கிருமி ஒரே நாளில் காலைச் சிவக்க வைத்துக் கொப்புளம் கட்டிவிடும். அதனால் மருத்துவரிடம் “முள் குத்திடுச்சு” என்று மட்டும் சொல்லாதீர்கள். கடலில் குத்தியது, இன்ன மீன் குத்தியது என்று சொல்லுங்கள். மருந்தே மாறும். பாசி எடுக்கப் போகிற பெண்களுக்குப் பவளப்பாறைக் கீறலும் கடல் முள்ளெலி முள்ளும் அன்றாடம் என்பதால் யாரும் சொல்வதே இல்லை. மூட்டுக்குப் பக்கத்தில் ஒடிந்த முள் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ எது குத்தி நின்றாலும் பிடுங்கக் கூடாது. முரல் மீன் வெளிச்சத்துக்குத் துள்ளி வந்து குத்தினாலும் சரி, கம்பி ஏறினாலும் சரி. ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தப் பொருளாக இருக்கலாம். சுற்றிலும் துணியைச் சுருட்டி வைத்து அசையாமல் கட்டி 108-ஐக் கூப்பிடுங்கள். தூண்டில் முள் கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். அழுத்தாதபடி ஒரு பேப்பர் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டிக் கூட்டிப் போங்கள். விரலில் ஏறியது என்றால் தூண்டில் கயிற்றை மட்டும் வெட்டிவிட்டு, முள்ளோடு போங்கள்.

கருவேல முள்ளுக்கு எருக்கம்பால் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும். பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழியே கெடும், முள்ளைவிடப் பெரிய செலவு. மரமுள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வாரக்கணக்கில் ஆறாமல் நீர் கசிகிற புண் என்றால் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று நீங்களே கேட்கலாம், மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குழந்தைகள் விஷயத்தில் அவசரமே வேறு. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்ட பேட்டரியை விழுங்கினால், காசு மாதிரி மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. உணவுக்குழாயில் நின்றால் 2 மணி நேரத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடும். காசா பேட்டரியா என்று சந்தேகம் இருந்தால் பேட்டரி என்றே வைத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்க முடிகிற குழந்தை என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம், அரிப்பைக் குறைக்கும். தேன் தேடிக் கடைக்கு அலைய வேண்டாம். வேறு எதுவும் கொடுக்க வேண்டாம். மூக்கில் பேட்டரி போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

வேர்க்கடலை புரையேறி, இருமி, பிறகு அமைதியாகிவிட்ட குழந்தையை நம்பாதீர்கள். கடலை நுரையீரலுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கலாம். சில நாள் கழித்து இழுப்பும் சளியும் வரும், அப்போது கடலை விஷயமே மறந்திருக்கும். இருமிக்கொண்டிருக்கும்போது வாயில் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவக் கூடாது. தலைகீழாகத் தொங்கவிடவும் கூடாது. காதில் பூச்சி போனால் கொஞ்சம் எண்ணெய் விட்டு அதைக் கொல்லலாம், காதில் ஓட்டையோ சீழோ இல்லை என்றால் மட்டும். விதை போயிருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறிப் பெருக்கும்.

வெட்கப்படுகிற இடங்களில் சிக்கிய பொருளைப் பற்றி நம்மூரில் யாரும் பேசுவதில்லை. ஆசனவாயிலோ பெண்ணுறுப்பிலோ ஏதோ மாட்டிக்கொண்டால் பேதி மருந்து குடிப்பது, கம்பியால் நெம்புவது, நாள் கடத்துவது எல்லாம் குடலைக் கிழிக்கும் வேலை. மருத்துவருக்குத் தேவை என்ன பொருள், எவ்வளவு பெரியது, எப்போது என்பதுதான். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ராமேசுவரம் தீவிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல்; மதுரை அதற்கும் 100 கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் கிளம்பும் முன்பே போன் போட்டு, தொண்டை மருத்துவர் அல்லது எண்டோஸ்கோபி வசதி இப்போது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒடிந்து வந்த துண்டு, அதே மாதிரி இன்னொரு பேட்டரி, மீதி தூண்டில் என எது கையில் இருந்தாலும் பொட்டலம் கட்டி எடுத்துப் போங்கள். தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியவருக்கு வழியில் டீயோ இளநீரோ வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பதைத் தள்ளிப்போட நேரும்.